‘பார்த்தேன்’ என்னும் பெருமை

மேனாடு சென்று மீளும் எம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளிலே ஒரு நாள் தவறாது இடம்பெறும். காலையிலே நூதனசாலை, நண்பகலிலே பேராலயம், பிற்பகலிலே மற்றுமொரு நூதனசாலை, அந்தி சாயும் வேளையிலே அரண்மனையின் வெளிவாயில், இரவிலே விடுதி அறையில் வெந்நீரிற் கால்களை அமிழ்த்தியவாறு, ‘கால்கள் ஓய்ந்தன, ஆயினும் உள்ளம் நிறைந்தது’ என்றொரு வாக்கியம். இலண்டனாயினும் பாரிசாயினும் உரோமாபுரியாயினும் அந்த நாள் மாறுவதில்லை. ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் ஒருவர் கட்டுரையை மற்றவர் பெயரில் அச்சிட்டுவிடலாம். இத்தகைய எழுத்துக்களைப் படித்து வியந்து, அந்த நாள் தமக்கு என்று வாய்க்குமோ என ஏங்கும் மாணவர் தொகை எம்மிடையே சிறிதன்று. விரிவுரை மண்டபத்திலும், ‘நான் நேரிற் பார்த்தேன்’ என்ற ஒரு சொல்லுக்குப் பத்து நூல் கற்றவனும் வாய் அடைத்துப் போகின்றான்.

அவ்வாக்கியத்தின் முற்பாதி மெய், பிற்பாதி பொய். கால்கள் ஓய்ந்தமையில் ஐயமில்லை. உள்ளமும் அவற்றுடனேயே ஓய்ந்துவிடுகின்றது. ஓய்ந்த உள்ளம் அவ்விடத்திலே கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. இதனையே இங்கு வலியுறுத்த விரும்புகின்றேன்.

களைப்பைப் பார்ப்பவனின் குறைபாடாகக் கொள்ளலாகாது என்பதை மேனாட்டாரே எடுத்துக்காட்டியுள்ளனர். பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பார் 1916 இல் நூதனசாலைக் களைப்புப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்ணாடிப் பெட்டிகளிலுள்ள பொருள்களையும் அவற்றுக்குரிய எழுத்துக்களையும் காண்பதற்கு ஒரு மனிதன் எவ்வாறெல்லாம் குனியவும் வளையவும் எட்டிப் பார்க்கவும் வேண்டியிருக்கின்றது என்பதை அவர் நிழற்படங்களாலே காட்டினார். பெட்டியை அமைத்தவனே களைப்பையும் அமைத்துவைக்கின்றான் என்பது அதனாற் பெறப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகியும் எமது பயணக் கட்டுரையாளர் இதனை அறிந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் களைப்பை ஒரு விரதம் போலக் கொண்டாடுகின்றனர்.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 1753 இல் நிறுவப்பெற்ற பிரித்தானிய நூதனசாலையிலே ஏறத்தாழ 80 இலட்சம் பொருள்கள் உள்ளன. அவற்றுள் நூற்றில் ஒரு பங்கே, அதாவது ஏறத்தாழ 80,000 பொருள்களே, பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. காலை பத்து மணிமுதல் மாலை ஐந்து மணிவரை, உண்ணாமலும் இளைப்பாறாமலும், பொருளொன்றுக்கு ஒரு செக்கன் வீதம் பார்த்தாலும் 25,200 பொருள்களையே பார்க்கலாம். வைக்கப்பட்டவற்றுள் மூன்றிலொரு பங்குகூட ஆகவில்லை. எம்மவரோ அதே நாளிலே இன்னும் இரண்டு கட்டடங்களையும் ‘பார்த்து’ முடித்துவிடுகின்றனர். இது பார்வையா, ஆள் எண்ணிக்கை எடுப்பதா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

நடையும் களைப்பும் தம்மளவில் இழிந்தவை அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியவர் இலண்டனிற் சுற்றுபவரினும் பன்மடங்கு களைக்கின்றனர். ஆயின், அவர் எங்குச் செல்கின்றோம், எதன் பொருட்டுச் செல்கின்றோம் என்பதை அறிவர், வழியிலுள்ள ஊரார் கொடுத்ததை உண்பர், அவ்வூராருடன் பேசுவர். எமது இலக்கியத்திலும் பயணத்துக்கென்றே ஒரு வகை உண்டு. பத்துப்பாட்டிலே ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள்ளே புரவலனை நாடிச் செல்லும் பாணனும் கூத்தனும் நிலந்தோறும் அங்குள்ள மக்களைச் சந்திக்கின்றனர். அவர்கள் என்ன தொழில் செய்கின்றனர், என்ன உணவிடுவர் என்பதெல்லாம் வழிகூறுபவன் வாயிலாக வெளிப்படுகின்றன. பொருளை அதனை ஆக்கிய கையிலிருந்து பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கில்லை. பிற்காலத்தவருள் ஏ. கே. செட்டியாரை இவ்விடத்திற் குறிப்பிடல் தகும். காந்தியடிகள் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940 இலே ஆவணப்படத்தை வெளியிட்டவர் அவர். அவரும் களைத்திருப்பார். ஆயின், ஒன்றைத் தேடிச் சென்று களைத்தார்.

நானும் அத்தகைய சுற்றுலா நாளொன்றை இலண்டனிலே கழித்தவன். விடுமுறையில் அழைத்த மாமா, ஒரே நாளில் ஐந்து இடங்கள் என்று பட்டியலிட்டு வைத்திருந்தார். பிரித்தானிய நூதனசாலையின் தென்னாசியக் கூடத்திலே தாரா தேவியின் சிலை முன் நான் நின்றபோது, “சீக்கிரம் வா மருமகனே, இன்னும் நாலு இடம் கிடக்கிறது” என்றார். பொன் முலாம் பூசிய அவ்வெண்கலச் சிலை 143 சென்ரிமீற்றர் உயரமானது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படுவது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கிடைத்ததென்று சொல்லப்படுவது. ஆடையற்ற மேனி காண்போரைக் கெடுத்துவிடும் என்றஞ்சி ஏறத்தாழ முப்பதாண்டு காலம் அதனைப் பொதுமக்கள் கண்ணிற் படாமல் வைத்திருந்தனர். 1830 இலே சேர் றொபேட் பிரௌன்றிக் அளித்த அன்பளிப்பு என்பது நூதனசாலையின் பதிவு.

பிரௌன்றிக் யார்? 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதி. 1815 இலே கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றியவர். 1817–1818 கிளர்ச்சியை ஊர்களை எரித்தும் பயிர்களை அழித்தும் அடக்கிய ஆட்சிக்குத் தலைவர். ‘அன்பளிப்பு’ என்ற சொல்லைப் படிக்கும் ஒருவன், அளித்தவர் கைக்கு அப்பொருள் எவ்வாறு வந்தது என்று கேட்க வேண்டாமா? கேட்பதற்கு நின்று சிந்திக்க வேண்டும். நிற்பதற்கோ அந்த நாளில் இடமில்லை. மேலும் நாலு இடம் கிடக்கிறது!

அடுத்த இடம் புனித பவுல் பேராலயம். அங்கே வழிபட வருவோரிடம் கட்டணம் பெறுவதில்லை. பார்க்க வருவோரிடமே பெறுகின்றனர். நியாயமான ஏற்பாடுதான். அங்குள்ள நினைவுச் சின்னங்களுள் ஒன்று பேராயர் றெஜினோல்ட் ஹீபருடையது. 1826 இலே திருச்சிராப்பள்ளியிற் காலமானவர் இவர். கீழைநாடுகளிற் காலடி வைப்பதற்கு முன்னரே, 1819 இல், இவர் இயற்றிய ஞானப்பாட்டொன்று இலங்கைத் தீவின் காட்சிகள் யாவும் இனியன, மனிதன் ஒருவனே இழிந்தவன் என்ற பொருள்பட அமைந்தது. பின்னர் 1825 இலே கண்டிக்கும் வந்துபோனார். இயற்கை அழகு, மனிதன் இழிவு என்ற அந்தப் பார்வையே எம் நாட்டைக் காணவரும் சுற்றுலாவின் இலக்கணமாக இன்றளவும் நிலவுகின்றது. அவர் சின்னத்தை எம்மவர் நிழற்படம் பிடித்துக்கொண்டு அடுத்த தூணுக்கு நகர்கின்றனர். அச்சிற்பத்தைச் செதுக்கிய சண்ட்றியின் கைத்திறன் உயர்ந்ததென்பதை மறுப்பதற்கில்லை. கைத்திறன் கண்டு வியப்பவன் பாட்டையும் நினைக்கலாம் என்றே சொல்லுகின்றேன்.

இவ்வாறு எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. யான் தெல்தெனியவைச் சேர்ந்தவன். எங்கள் ஊரிலிருந்து மகியங்கனை வீதியிற் சில மைல் சென்றால் மெதமகாநுவர. அப்பகுதியிலேதான் 1815 பெப்ரவரி 18 ஆந் தேதி கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் பிடிபட்டான். அவனைத் தமிழ் மன்னன் என உரிமை பாராட்டுவோர், அவன் நாயக்கர் வழியினன் என்பதை மறப்பது வழக்கம்; அது வேறொரு வாதம். வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832 இலே அவன் மாண்டான். அவனுடைய அரியணை வின்சர் மாளிகைக்குப் போயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கிருந்து, 1934 இலேதான் திரும்பியது. 1765 இலே கண்டி அரண்மனையைச் சூறையாடிய ஒல்லாந்தர் கொண்டுசென்ற லெவ்கே திசாவையின் பீரங்கியும், வாள்கள், துப்பாக்கிகள், கத்தி முதலியனவுமாக ஆறு பொருள்கள் அம்ஸ்ரடாமின் அரச நூதனசாலையிலிருந்து 2023 இலே மீண்டன. மீண்டவை கண்டிக்கு வரவில்லை. கொழும்பு நூதனசாலைக்கே சென்றன. அரியணையும் அங்கேதான். பறித்தவன் தலைநகரிலிருந்து எமது தலைநகர்வரை வந்த பொருளுக்கு, மேலும் எழுபது மைல் தொலைவு பெரிதாகிவிட்டது போலும்.

இவ்விடத்திலே எதிர்வாதம் எழும். அங்கே இருந்தமையாலன்றோ அவை அழியாமல் இருந்தன, இங்கே இருந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்பர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைவூட்டுவர். 1981 இலே ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அது எரிக்கப்பட்டது. அத்தீயை மூட்டியவர் அந்நியர் அல்லர் என்பது இந்நாட்டின் வெட்கம். இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆயின், அது எம் பொருளை நாம் காக்கவேண்டும் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, எடுத்தவனுக்கு உரிமைப் பத்திரம் ஆகாது. காவலின் சிறப்புப் பற்றிப் பேசுவோர் 2023 ஓகஸ்டில் வெளிவந்த செய்தியையும் நோக்குக. பிரித்தானிய நூதனசாலையின் களஞ்சியத்திலிருந்து ஏறத்தாழ 2,000 பொருள்கள் காணாமற் போயும் திருடப்பட்டும் சிதைக்கப்பட்டும் உள்ளமை வெளிப்பட்டு, அதன் பணிப்பாளரே பதவி துறந்தார். திருப்பிக் கேட்டாலோ, 1963 ஆம் ஆண்டின் சட்டம் கைகளைக் கட்டியுள்ளது என்கின்றனர். கட்டியவரும் அவரே, கட்டப்பட்டவரும் அவரே!

மேனாட்டாரைக் குறைகூறியதோடு எம் கடமை முடிந்துவிடுவதில்லை. அதே பார்வையை நாம் எமது ஊர்களிலும் பயின்று வருகின்றோம். அந்தனையிலே, 1925 இற் கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. பிரித்தானியர் காலத்து இயந்திரங்களும் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லரின் உடைமைகளும் அங்கே மாடி மாடியாக உள்ளன. கொழுந்து பறித்த விரல்களின் வரலாற்றைக் காண விரும்புபவன் கம்பளைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். 2007 இலே கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய லயக் காம்பிராக்களைத் திருத்தியமைத்துத் தொழிலாளர் நூதனசாலையை அங்கே நிறுவியது. எமது பல்கலைக்கழக மாணவருள் எத்தனை பேர் அந்தனைக்குச் சென்றோம், எத்தனை பேர் கம்பளைக்குச் சென்றோம்? இக்கேள்வியை மலையகத்திலிருந்து வந்த மாணவரிடத்தும் கேட்கின்றேன்.

கல்விச் சுற்றுலா என்ற பெயரில் யாம் நடத்துவதும் அந்த இலண்டன் நாளின் சிறு பதிப்பே. நள்ளிரவிற் பேருந்து புறப்படும். விடியலில் அனுராதபுரம், உச்சியில் மிகிந்தலை, மாலையிற் பொலன்னறுவை. பாட்டும் தூக்கமும் கலந்து மறுநாள் வைகறையில் விடுதி. வாயிலில் நின்று எடுத்த படங்களே எஞ்சும். பின்னர்த் தேர்வுத்தாளில், ‘நேரிற் கண்டவாறு’ என்று ஒரு தொடர் வந்து விழும்.

எங்கள் பழைய தெல்தெனிய இன்று நீருக்குள் உள்ளது. மகாவலியை மறித்துப் பிரித்தானிய உதவியுடன் கட்டிய 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையை 1985 ஏப்பிரலில் மார்கரெட் தட்சர் அம்மையார் திறந்துவைத்தார். அணையினால் 210 மெகாவாற் மின்வலு கிடைத்தது. நாட்டுக்கு அது தேவையாகவும் இருந்தது. கடைவீதியும் வழிபாட்டிடங்களும் வயல்களும் நீரிலே மூழ்க, மேட்டிலே புதிய நகர் எழுந்தது. இன்று சுற்றுலாப் பேருந்துகள் அணைக்கட்டைக் காட்டும் மேடையில் நிற்கின்றன. பயணிகள் இறங்கி, ‘அழகு’ என்று சொல்லி, ஏறிவிடுகின்றனர். கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய சுவர்கள் தலைகாட்டும். அப்போதும் ஒரு கூட்டம் படம் பிடிக்க வந்துபோகும். இலண்டனிற் பிரௌன்றிக்கின் பெயரைக் கடந்து நடந்த அதே கால்கள்தாம் இங்கும் நடக்கின்றன.

ஆதலின் எமது தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவிடம் ஒன்று கேட்கின்றேன். அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு ஒரு நாளும் ஓர் இடமுமே ஒதுக்கப்படுதல் வேண்டும். அவ்விடம் பழைய தெல்தெனியவாக இருக்கட்டும். நீர் வற்றும் காலமாகப் பார்த்துச் செல்வோம். கண்டியிலிருந்து ஒரு மணி நேரப் பயணந்தான். கட்டணமும் மாணவரின் மாதச் செலவைக் குலைக்கும் அளவினதன்று. எந்தச் சுவர் எந்தக் கடையினது, எந்தப் படி எந்தக் கோயிலினது என்று சுட்டிக்காட்டக்கூடிய முதியோர் புதிய நகரிலே இன்னும் இருக்கின்றனர். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழருமாகிய அவர்கள் சொல்வதைக் குறிப்பெடுத்து, அச்சுவர்களுக்கு மும்மொழியிலும் விளக்க அட்டைகள் எழுதும் பணியை எமது பீடத்து மாணவரே செய்யலாம். சாரதியிடம் திரும்பும் நேரத்தை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதிருத்தல் நன்று. அவர்கள் பேசி முடிக்கும்வரை பேருந்து நிற்க வேண்டியிருக்கும்.