யாருடைய கைபேசி திறக்கப்படுகிறது?

நீளமான பதிவு. மறுமொழிப் பெட்டிகளில் துண்டு துண்டாக எழுதிக் களைத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். உடன்படாதவர்கள் வாதத்தோடு வாருங்கள், விவாதிக்கலாம்.

அண்மையில் ஹைதராபாத்தில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது பற்றிப் பேச்சு வந்தது. மூத்த ஆய்வாளர் ஒருவர் கனடாவையும் ஜெர்மனியையும் எடுத்துக்காட்டி, கொள்கையளவில் தமக்கு அதில் ஆட்சேபம் இல்லை என்றார். ஐந்து நிமிடங்கள் கழித்து, தம் குடியிருப்பின் தெருமுனையில் மாலைதோறும் கூடும் இளைஞர்களைப் பற்றிப் பேச்சு திரும்பியது. "எல்லாம் கஞ்சாயி பேட்ச். போலீஸ் அள்ளிக்கொண்டு போனால்தான் நிம்மதி" என்றார் அவரே. இரண்டு கூற்றுகளும் ஒன்றோடொன்று மோதுவதாக அவர் உணரவில்லை. சுற்றி நின்றவர்களும் உணரவில்லை. நானும் வாய்திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காகப் பட்ட கடனை இங்கே அடைக்க முயல்கிறேன்.

என் வாதம் இதுதான். கஞ்சா குறித்துப் படித்த வர்க்கத்தின் மனப்பான்மை செடியைப் பொறுத்தவரை தாராளமானது. அதைப் புகைக்கும் ஏழையைப் பொறுத்தவரை காவல்நிலையத்தின் மனப்பான்மை. "சட்டபூர்வமாக்கலை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா" என்ற கருத்துக்கணிப்புக் கேள்வி இந்தப் பிளவைப் பதிவு செய்வதே இல்லை. ஆதரிப்போர் கூடக்கூடச் சமூகம் முன்னேறுகிறது என்று நாமும் நம்பிக்கொள்கிறோம்.

கஞ்சாயி பேட்ச் என்பது தெலுங்குச் செய்தித் தொலைக்காட்சிகளில் அன்றாடம் ஒலிக்கும் சொல். தமிழில் நமக்குக் கஞ்சாக்குடிக்கி இருக்கிறது. இரண்டுமே ஒரு செயலைக் குறிப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் ஓர் ஆளைக் குறிப்பவை. அவனுடைய உடை, சிகை, வசிப்பிடம், வேலையின்மை அனைத்தும் அச்சொல்லுக்குள் அடக்கம். பஞ்சாரா ஹில்ஸ் விருந்து மண்டபத்தில் பிடிபட்டவரை எவரும் கஞ்சாயி பேட்ச் என்பதில்லை. அங்கே நடந்தது "ரேவ் பார்ட்டி". பொருள் ஒன்றாகவே இருந்தாலும் பெயர் வர்க்கத்துக்கு வர்க்கம் மாறுகிறது.

இந்தப் பெயர் என்ன செய்யும் என்பதை ஹைதராபாத் 2021 அக்டோபரில் கண்டது. அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவ் கஞ்சாவுக்கு எதிராகப் போர் தொடுக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவிட்ட சில நாட்களுக்குள், நகரக் காவல்துறையினர் சாலையில் செல்வோரை மறித்து, கைபேசிகளை வாங்கி, வாட்ஸாப் உரையாடல்களில் கஞ்சா என்ற சொல்லைத் தேடும் காணொளிகள் பரவின. அவை பெரும்பாலும் பழைய நகரத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் எடுக்கப்பட்டவை. எவரையும் கட்டாயப்படுத்தவில்லை, மக்களே ஒத்துழைக்கிறார்கள் என்பது காவல்துறையின் விளக்கம். இரவில் நான்கு காவலர் சூழ்ந்து நிற்க, இருசக்கர வண்டியை ஓரங்கட்டிய ஒருவன் கைபேசியை நீட்டுவதற்கு ஒத்துழைப்பு என்று பெயர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எத்தனை கடுமையானதாயினும், பொது இடத்தில் ஒருவரைச் சோதிப்பதற்கு அவர் குற்றமிழைத்தார் என நம்பக் காரணம் இருக்க வேண்டும் என்றே அதன் 43ஆம் பிரிவு கூறுகிறது. குறிப்பிட்ட தெருவில் வண்டி ஓட்டுவது அத்தகைய காரணம் ஆகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தனர். அத்தீர்ப்பை வகுப்பறையில் கற்பிக்கும் நம்மில் எத்தனை பேர் அந்த அக்டோபரில் அதை நினைவுகூர்ந்தோம்? கண்டித்து எழுதிய இதழாளர்களும் செயற்பாட்டாளர்களும் இருந்தார்கள். ஆனால் நம் நூலகங்களிலும் விடுதிகளிலும் நிலவியது பெரும்பாலும் அமைதியே. அந்தச் சோதனை நம் வாயிலுக்கு வரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே மாதத்தில் மும்பையில் ஆர்யன் கான் கைதானார். அவரிடம் போதைப்பொருள் எதுவும் கைப்பற்றப்படாத நிலையில் வாட்ஸாப் உரையாடல்களை வைத்து வழக்கு பேசப்பட்டது. நாடே விவாதித்தது, ஏறத்தாழ நான்கு வாரத்தில் பிணை கிடைத்தது, மறு ஆண்டு மே மாதம் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இடம்பெறவில்லை. அவருக்கு நேர்ந்தது அநீதி என்பதில் ஐயமில்லை. அந்த அநீதியைக் காண நமக்கு ஒரு நடிகரின் மகன் தேவைப்பட்டான் என்பதே என் வருத்தம். அதே மும்பையின் நடுவர் நீதிமன்றங்களில் 2017, 2018 ஆண்டுகளில் இச்சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டவர்களைப் பற்றி விதி சட்டக் கொள்கை மையம் ஆராய்ந்தது. ஏறத்தாழ அனைவருமே சொந்தப் பயன்பாட்டுக்காகத் தண்டனை பெற்றவர்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கஞ்சா வழக்குகள். சிக்கியவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகளும் சேரிகளிலும் தெருவோரங்களிலும் வாழ்பவர்களும். ஒரு விசாரணைக் குழுவும் ஒரு தலையங்கமும் அவர்களுக்காக எழவில்லை.

"சமூகத்தைக் காக்க வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 2019இல் வெளியான அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசிய ஆய்வின்படி, ஓராண்டுக்குள் கஞ்சாச் செடியின் ஏதேனும் ஒரு வடிவத்தைப் பயன்படுத்தியோர் சுமார் 3.1 கோடி, மது அருந்துவோர் சுமார் 16 கோடி. மதுவால் சிக்கலுக்குள்ளாகி உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி, கஞ்சாச் செடியின் பொருட்களால் அந்நிலையில் இருப்போர் 72 லட்சம். இந்நிலையில் 2023 ஆகஸ்டில் தெலங்கானா அரசு 2,620 மதுக்கடைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. விண்ணப்பக் கட்டணம் 2 லட்சம் ரூபாய், திருப்பித் தரப்படாதது. விண்ணப்பங்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். ஒரு புட்டி விற்கும் முன்னரே கருவூலத்துக்கு 2,600 கோடி ரூபாய்க்கு மேல் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் அரசின் சொந்த நிறுவனம். தீங்கின் அளவே அளவுகோல் என்றால் இவ்விரு அரசுகளும் முதலில் தம் கைபேசிகளைத் திறந்து காட்டட்டும்.

சட்டத்துக்குள்ளேயே இன்னொரு விந்தை உண்டு. பூக்கும் நுனி சேராத இலையும் விதையும் அதன் வரையறைப்படி கஞ்சா அல்ல. எனவே இலையை அரைத்துச் செய்யும் பாங்கு மத்தியச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அதை அனுமதிப்பதும் தடுப்பதும் மாநிலங்களின் கலால் விதிகளைப் பொறுத்தது. ஹோலியன்று தண்டாய் அருந்துபவர் பண்பாட்டைக் காக்கிறார். அதே செடியின் பூவைப் புகைப்பவர் சமூகத்தைக் கெடுக்கிறார். சொந்தப் பயன்பாட்டுக்கு ஆறு மாதம் வரையும், ஒரு கிலோ வரையிலான சிறிய அளவை வைத்திருந்தால் ஓராண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு.

நம்மைப் போன்ற ஆய்வாளர்களுக்கு நெருக்கமான ஒரு வரலாறும் இங்கே உண்டு. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து 1893இல் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. அது 1,193 சாட்சிகளை விசாரித்து மறு ஆண்டு ஏழு தொகுதிகளில் அறிக்கை அளித்தது. கஞ்சா மனநோயை உண்டாக்குகிறது என்பதற்கு அன்று காட்டப்பட்ட முதன்மைச் சான்று மனநலக் காப்பகங்களின் பதிவேடுகள். ஆணையம் அப்பதிவேடுகளின் ஊற்றைத் தேடிச் சென்றது. ஆளைக் கொண்டுவந்து சேர்த்த காவலர் நோய்க்கான காரணம் என்ற கட்டத்தை நிரப்பியிருந்தார். தெரியாதபோது கஞ்சா என்று எழுதியிருந்தார். மருத்துவர் அதைப் பார்த்து எழுதியிருந்தார். ஆண்டறிக்கை அதைக் கூட்டிப் புள்ளிவிவரமாக்கியிருந்தது. ஆய்ந்து பார்த்தபோது அவ்வழக்குகளில் பெரும்பகுதி நிற்கவில்லை. மிதமான பயன்பாட்டால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை, மிகைப் பயன்பாடு தீங்கானது, முற்றான தடை தேவையற்றது என்று ஆணையம் முடிவு செய்தது. பேரரசுக்குக் கலால் வருவாயில் அக்கறை இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. அந்த முடிவை வேதவாக்காகவும் கொள்ளவில்லை. எனக்கு முக்கியம் அதன் முறையியல். காவலர் எழுதிய ஒரு சொல் எப்படி அறிவியல் தரவாக உருமாறுகிறது என்பதை அது காட்டியது. 130 ஆண்டுகள் கழித்தும் குற்றச்செய்தியின் முதல் வரியில் "கஞ்சா போதையில்" என்று காவல்நிலையம் சொன்னதை அச்சிடும் நாளிதழையும், அந்நாளிதழை மேற்கோள் காட்டும் ஆய்வேட்டையும் பார்க்கிறோம்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். கஞ்சா தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. பதின்பருவத்தில் தொடங்கி அடிக்கடி பயன்படுத்துவோருக்கும், மனநோய்ச் சாய்வு உள்ளவர்களுக்கும் அது ஆபத்தானது. விடுதி அறையில் ஒரு நண்பன் வாரக்கணக்கில் வெளியே வராமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நாங்கள் தயங்கியதற்குக் காரணம் செடி அல்ல. பதிவேட்டில் பெயர் ஏறினால் உதவித்தொகை போகுமா, ஊருக்குத் தகவல் போகுமா, வழக்காகுமா என்ற அச்சம். அந்தத் தயக்கத்தில் இரண்டு மாதங்கள் வீணாயின. சட்டத்தின் 64அ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒருவர் முதலில் தன்னை அடிமை என்று அறிவித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் விலக்கு பறிபோகலாம். மேற்சொன்ன தேசிய ஆய்வின்படியே பயன்படுத்துவோரில் நான்கில் மூன்று பேருக்கும் மேற்பட்டோர் சிக்கலான நிலையில் இல்லை. அவர்களுக்குச் சட்டம் வைத்திருப்பவை இரண்டே அடையாளங்கள்: நோயாளி, அல்லது குற்றவாளி. உதவி தேவைப்படுபவரோ கதவைத் தட்டவே அஞ்சுகிறார்.

சட்டபூர்வமாக்கல் முகாமிலிருக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். சிவன் குடித்தான், சித்தர்கள் கோரக்கர் மூலி என்றார்கள், ஆகவே அனுமதியுங்கள் என்பது வாதமல்ல. தொன்மையை வைத்து எதையும் நியாயப்படுத்த முடியும் என்பது சாதியைப் படித்தவர்களுக்குத் தெரியும். உரிமம், முதலீடு, புத்தொழில் நிறுவனம், வரி வருவாய் என்ற மொழியும் எனக்கு உவப்பானதல்ல. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே ஆந்திரக் காவல்துறை ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவை எரித்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் அதைப் பயிரிட்ட பழங்குடியினருக்கு நாளை வரும் உரிமத்தில் இடமிருக்குமா? தூல்பேட்டையில் முன்பு குடும்பா எனப்படும் கள்ளச்சாராயமும் பின்னர் கஞ்சாவும் விற்றுச் சிறை சென்ற குடும்பங்களுக்கு அந்தக் கடையில் வேலை கிடைக்குமா? தாய்லாந்து 2022இல் ஒழுங்குமுறைச் சட்டம் வருமுன்னே சந்தையைத் திறந்துவிட்டு, 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. விற்பனையைத் திறப்பது ஒரு முடிவு. மனிதரைக் குற்றவாளி என்று அழைப்பதை நிறுத்துவது வேறொரு முடிவு. போர்ச்சுகல் 2001இல் விற்பனையைக் குற்றமாகவே வைத்துக்கொண்டு, சொந்தப் பயன்பாட்டைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலக்கியது. இரண்டாவது முடிவுக்கு முதலாவது முடிவு தேவையில்லை என்பதற்கு அது சான்று.

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. சொந்தப் பயன்பாட்டையும் அதற்கான சிறு அளவையும் குற்றம் என்ற வரையறையிலிருந்து நீக்க வேண்டும். சிகிச்சை நாடுவோர் எந்த வாக்குமூலமும் தராமல் சிகிச்சை பெற வேண்டும். காரணமின்றிக் கைபேசியைத் திறக்கும் காவலர் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சட்டபூர்வமாக்கல் விவாதம் அதன்பின் எத்தனை கருத்தரங்குகளுக்கு வேண்டுமானாலும் நீளட்டும். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் ஆணையத்தில், கஞ்சாவை மிக ஆபத்தான பொருட்களின் பட்டியலிலிருந்து நீக்க இந்தியா ஆதரவாக வாக்களித்தது. வியன்னாவில் செடிக்குக் காட்டிய அந்த நியாயத்தை ஹைதராபாத்தின் தெருவில் மனிதருக்கும் காட்டச் சொல்கிறேன்.

அந்தத் தேநீர் இடைவேளையில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்கிறேன். ஐயா, உங்கள் தெருமுனையில் நிற்கும் பையன்கள் கஞ்சா புகைக்கிறார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்தீர்களா, அல்லது அவர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதா?