ஊசியும் நூலும் பையில் கிடக்கட்டும்



வழக்கமாக இந்த மடலில் வாடகை, விசா, வேலைநேரம் என்றுதான் எழுதுவம். இந்த முறை ஊசி நூலைப் பற்றி எழுதப் போறன். சிரிக்காதேங்கோ, இதுவும் வேலைநேரம், சம்பளம் பற்றின கதைதான்.

லண்டனில் எங்கட ஆக்கள் பலர் விடிய வெளிக்கிட்டால் இரவுதான் வீடு திரும்புகினம். இடையில் ஒரு தெறி கழன்றால், காற்சட்டைத் தையல் விட்டால் என்ன செய்யிறது? பக்கத்தில் மலிவு உடுப்புக் கடை இருக்கும். ஒரு தெறிக்காக ஒரு புதுச் சேர்ட் வாங்குவம். அது ஏன் இவ்வளவு மலிவு என்று எங்களுக்குத் தெரியாததில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே கட்டிடத்தில் வெடிப்புக் கண்டும், அடுத்த நாள் காலையில் தொழிலாளரை உள்ளே அனுப்பினார்கள். 2011இல் கட்டுநாயக்கவில் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார்.

ஊசியால் இதை மாற்றலாம் என்று நான் சொல்லேல்லை. அதற்குத் தொழிற்சங்கம் வேணும். ஆனால், நல்லாயிருக்கிற சேர்ட்டை ஒரு தெறிக்காக எறியாமல் இருக்க ஊசி போதும்.

என்ர பையில் கிடக்கிறது ஒரு பழைய பெப்பர்மின்ற் தகரப் பெட்டி. அதுக்குள்ளே மூன்று ஊசி, அதில் ஒன்று மொத்தம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் பொலியெஸ்டர் நூல், மட்டைத் துண்டில் சுற்றினது. சாம்பல் நூல் அனேகமான நிறத் துணிகளோடை ஒத்துப்போகும். சேர்ட் தெறி இரண்டு, காற்சட்டைத் தெறி ஒன்று, சேப்டி பின் மூன்று, நூல் கோர்க்கிற கம்பி, சின்னக் கத்தரிக்கோல். பைப்பட்டி அறுந்தால் தைக்க, பல்லிடுக்குக்குப் போடுற நூல் கொஞ்சம். அது லேசில் அறாது. பிரித்தானிய விமான நிலையங்களில் தையலூசியையும், அலகு 6 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கத்தரிக்கோலையும் கைப்பையில் கொண்டு போகலாம்.

கோட் தெறி தைக்கேக்கை தெறிக்கு மேலே ஒரு தீக்குச்சியை வைத்து, அதுக்கு மேலாலே நூலைப் போடுங்கோ. பிறகு குச்சியை உருவி, தெறியை இழுத்துப் பிடித்து, அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடியுங்கோ. தடித்த துணியிலும் தெறி இறுகாது.

அண்ணைமாருக்கும் ஒரு சொல். தெறி கழன்ற சேர்ட்டை அம்மாவிட்டை, மனைவியிட்டை நீட்டுற பழக்கம் போதும். தொழிற்சாலை மெசினுக்கு முன்னாலே குனிந்திருக்கிறதும் பெரும்பாலும் பெண்கள்தான். வீட்டிலும் அதே முதுகுதான் குனியவேணுமா?

கடைசியாக, முக்கியமான ஒன்று. இந்தப் பெட்டி எங்கட உடுப்புக்கு. முதலாளி கட்டாயப்படுத்துற சீருடைக்கு அல்ல. சீருடை கிழிந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கோ. ஓய்வு நேரத்தில் இருந்து அதைத் தைக்கிறது சம்பளமில்லாத வேலை. பிரித்தானியாவில், சீருடைக் காசைச் சம்பளத்தில் கழிச்ச பிறகு மிஞ்சுறது சட்டப்படியான ஆகக் குறைந்த சம்பளத்துக்குக் கீழே போனால் அது சட்டவிரோதம். கட்டாயச் சீருடையைச் சொந்தக் காசில் வாங்கச் சொன்னாலும் இதே கணக்குத்தான். சம்பளச் சீட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கோ. பிழை கண்டால் தொழிற்சங்கத்திட்டைப் போங்கோ. சங்கம் இல்லாத இடமென்றால் ஏகாஸின் இலவச ஆலோசனைத் தொலைபேசி இருக்கு.

எங்கட கிழிசலை நாங்கள் தைப்பம். முதலாளியின்ர கிழிசலுக்கு முதலாளி காசு குடுக்கட்டும்.