அது யார் குதிரையோ!

போன ஆடி மாதம் நடந்ததை எழுத வேண்டும் என்று நினைத்து, நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். எழுதினால் படிக்கிறவர்கள் என்னையும்தான் திட்டுவார்கள். திட்டட்டும். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

காலையில் நான் நடக்கப் போகும் வழியில், பழனி ரோட்டுப் பக்கம், ஒரு காலி மனை இருக்கிறது. அங்கே இரண்டு குதிரைகள் நின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டில் பூட்டுகிற குதிரைகள். முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கயிறு போட்டு விட்டிருந்தார்கள். வெள்ளைக் குதிரையின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். சுற்றிலும் சீமைக்கருவேலம், குப்பை, பிளாஸ்டிக் பை. தண்ணீர்த் தொட்டி என்று எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஒன்பது நாள் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். டீக்கடையில் ஒரு நாள் பேச்சு வந்தது. "அது யார் குதிரையோ, நமக்கென்ன சார்" என்றார் ஒருவர். "கேட்டா சண்டைக்கு வருவாங்க" என்றார் இன்னொருவர். நானும் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

பத்தாம் நாள் ஒரு பையன் செல்போனில் படம் எடுத்து, சோகப் பாட்டு போட்டு, "இந்த அரக்கனைக் கண்டுபிடியுங்கள்" என்று எழுதி விட்டுவிட்டான். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் அது வந்தது. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். அனுப்பியதும் ஒரு நிம்மதி. ஏதோ செய்துவிட்டோம் என்று. இரண்டு நாளில் மனை காலியாகிவிட்டது. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த வெள்ளைக் குதிரையை நால்வழிச்சாலை ஓரத்தில் பார்த்தேன். இரவில் ஏதோ வண்டி அடித்திருக்கிறது. பின்னங்கால் எலும்பு இரண்டாக முறிந்து, எழ முடியாமல் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. "யாருடைய குதிரை?" என்று போலீஸ்காரர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, இனி நிற்காது என்று ஊசி போட்டுத் தூங்கவைத்தார்.

பிறகுதான் நான் விசாரிக்கக் கிளம்பினேன். சாரட் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் கேட்டேன். அரை மணி நேரத்தில் ஆள் கிடைத்துவிட்டார். அந்த அரை மணி நேரத்தை ஒன்பது நாளில் ஒரு நாள் செலவழித்திருக்கலாம்.

"வீடியோவைப் பார்த்தேன் சார். போலீஸ் வந்துரும், ஊரே அடிக்க வரும்னு பயம். ஒரு ஆளுக்குச் சும்மா கொடுத்துட்டேன். அவன் அவுத்து விட்டுட்டான் போல" என்றார். "தண்ணி காட்டலையாமே என்கிறார்களே?" என்று கேட்டேன். "சாயங்காலம் டிவிஎஸ் வண்டியில குடம் கட்டிக் கொண்டுபோவேன் சார். நீங்க காலையில பாத்திருப்பீங்க." பிறகு அவரே சொன்னார்: "அதுக்கு வயசு இருபதுக்கு மேல. பல்லு போச்சு. என்ன போட்டாலும் உடம்புல ஒட்டாது. நீங்க யாராச்சும் பல்லைப் பாத்தீங்களா சார்?"

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. நாங்கள் பல்லையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை.

அவர் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை ஒரு குடம் தண்ணீர் குதிரைக்குக் காணாது. சும்மா நிற்கிற குதிரைக்கே 25 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் ஏறும். பல் தேய்ந்த குதிரைக்குத் தீனியை ஊறவைத்து, மென்மையாக்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. அவர் செய்தது தப்பு. ஆனால் திருத்தக்கூடிய தப்பு. நாங்கள் அதைத் திருத்த முடியாததாக ஆக்கிவிட்டோம்.

அதனால் நான் சொல்வது இதுதான். "யார் குதிரையோ, நமக்கென்ன" என்பவனும், படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டுப் போகிறவனும் வேறு வேறு ஆட்கள் இல்லை. இரண்டு பேருமே குதிரைக்காரனிடம் போய்ப் பேசாதவர்கள். முதலாமவனாவது ஒன்றும் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். இரண்டாமவன் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். நான் ஒன்பது நாள் முதல் ஆள், பத்தாம் நாள் இரண்டாம் ஆள்.

குதிரையை மெச்சுவதும் வளர்க்கத் தெரியாமல் விடுவதும் நமக்குப் புதிதில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகளை இங்கே கப்பல் கப்பலாகப் பொன் கொடுத்து வாங்குகிறார்கள், பார்த்துக்கொள்ளத் தெரியாததால் அவை சீக்கிரமே செத்துப்போகின்றன என்று எழுதிவைத்திருக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள் என்றும் சொல்கிறார். ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண் குதிரை செய்து, வர்ணம் பூசி, மாலை போட்டுக் கும்பிடுகிறோம். உயிருள்ள குதிரை அந்தப் பக்கமே குப்பை மேய்கிறது.

எங்கள் மாவட்டத்தில் குதிரை இன்னும் வேலை செய்து சாப்பிடுகிறது. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிச் சவாரி. பழனியில் அடிவாரத்துக்குக் குதிரை வண்டி. திண்டுக்கல்லில் கல்யாணச் சாரட். மூன்றுமே சீசன் பிழைப்பு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மழைக்காலத்தில் கொடைக்கானலுக்குக் கூட்டம் கிடையாது. ஆனால் குதிரைக்கு அப்போதும் பசிக்கும். நரியைப் பரியாக்கிய கதை மதுரைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பரிகள் திரும்ப நரியானதும் தெரியும். முகூர்த்த நாளில் பரியாக இருப்பது ஆடியில் குப்பைமேட்டு நரியாகிவிடுகிறது. இதற்கு வளர்ப்பவர்தான் முதல் பொறுப்பு. மகன் கல்யாணத்துக்கு வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று அடம்பிடித்து, வாடகையில் ஆயிரத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற நமக்கும் பொறுப்பு உண்டு.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனி மசோதா கொண்டுவந்து வாதாடியதன் பலனாக வந்தது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். போதிய தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காமல் வைத்திருப்பது அதன் 11ஆம் பிரிவில் குற்றம். பட்டினி கிடக்கும்படி கைவிட்டுவிடுவதும் குற்றம். 1965ஆம் ஆண்டு விதிகளின்படி வண்டி இழுக்கும் பிராணியை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; வெப்பம் 37 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. நம் ஊர்ச் சித்திரை, வைகாசியை நினைத்துப் பாருங்கள்.

தண்டனை? முதல் தடவை 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை அபராதம். 1960இல் வைத்த தொகை, இன்றும் அதேதான். பார்க்கிங் டோக்கனை விடக் கொஞ்சம் கூட. இந்தச் சட்டத்தை நம்பி எதற்குப் பேச என்று கேட்பீர்கள். அபராதம் சிறிதுதான். ஆனால் கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி குதிரையைக் கைப்பற்றி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப 34ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. குதிரைக்கு வேண்டியது அதுதான். இன்னொன்று, குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆகவே என்றைக்குப் பார்த்தீர்கள் என்று தேதி போட்டு எழுதிவைக்காத புகார் காற்றில் போகும்.

இனி நான் செய்யப்போவதையும், நீங்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வதையும் சொல்கிறேன்.

முதலில் சரியாகப் பாருங்கள். காலையும் மாலையும் இரண்டு மூன்று நாள் பாருங்கள். விலா மட்டும் போதாது. குளம்பு நீண்டு வளைந்திருக்கிறதா (ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டியது அது), சேணம் பட்ட இடத்தில் புண் இருக்கிறதா, நடையில் நொண்டல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா.

அடுத்து ஆளைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். "ஏன் இப்படிக் கொடுமை பண்றே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "குதிரைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு வழி தெரியாது, மீதிப் பேருக்குக் காசு இருக்காது. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்று ஒரு எண் இருப்பதைச் சொன்னாலே சிலருக்குப் பெரிய உதவி.

கேட்காமல் தீனி போடாதீர்கள், கயிற்றை அவிழ்க்காதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிறு உப்பி உயிரே போகும். பட்டினி கிடந்த குதிரைக்குத் தானியத்தையோ ரொட்டியையோ அள்ளிப் போடுவது நல்லெண்ணத்தில் செய்கிற கொலை. ஒரு வாளி தண்ணீர் வைக்கலாம். அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் நால்வழிச்சாலையில் பார்த்துவிட்டேன்.

பேசியும் அவர் கேட்கவில்லை என்றால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். காவல் நிலையத்திலும் கால்நடைத் துறை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நம் மாவட்டத்தில் அது என்ன செய்கிறது என்று அங்கேயே கேளுங்கள். படம் எடுத்தால் மனுவோடு இணையுங்கள். வாட்ஸ்அப்பில் விடாதீர்கள்.

"வேலை இல்லாத பெரிசு, குதிரைக்கு மனு எழுதுது" என்று டீக்கடையில் சொல்வார்கள். சொன்னார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த மார்கழியில் அதே மனையில் வேறொரு குதிரை நின்றது. இந்தத் தடவை ஒன்பது நாள் ஆகவில்லை. மறுநாளே ஆளைத் தேடிப் போனேன். குளம்பு சீவ ஆள் கிடைக்கவில்லை என்றார் அவர். இருவரும் சேர்ந்து கால்நடை மருத்துவமனையில் கேட்டு ஒரு லாடக்காரரைப் பிடித்தோம். நான் செய்தது அவ்வளவுதான். தை பிறந்ததும் அது சாரட்டுக்குப் போய்விட்டது. எந்தக் குழுவிலும் யாரும் கைதட்டவில்லை.