மலை தப்பிச்சுது, மூலிகை பறிக்கிறவங்க?

அரிட்டாபட்டி விஷயத்துல நாம எல்லாருமே பொங்கினோம். 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் மரபுத் தலம்னு அறிவிச்ச ஊரையும் சேர்த்து, 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்க. 2025 ஜனவரியில மேலூர்ப் பக்கத்துச் சனம் திரண்டு மதுரைக்கே பேரணியா வந்துச்சு. அதே மாசம் ஏலம் ரத்து. ரொம்ப சந்தோசம்.

சரி மக்கா, அப்புறம்?

"சுரங்கமும் வேணாங்கறீங்க, ஃபேக்டரியும் வேணாங்கறீங்க. இலை தழை பறிச்சு வித்தா ஊர் முன்னேறிருமா?"ன்னு ஒரு நண்பர் நக்கலா கேட்டார். அவருக்குத்தான் இந்தப் பதிவு.

முன்னேறும்ணே. ஆனா பறிக்கிறவன் கையில தராசு இருக்கணும்.

ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், கீழாநெல்லி, நெருஞ்சி எல்லாம் நம்ம கரட்டுலயும் கண்மாய்க்கரையிலயும் வெளையுறதுதான். பறிக்கிறது பெரும்பாலும் நெலம் இல்லாத பொம்பளைங்க. அவங்ககிட்ட ஊர்த் தரகர் வாங்குவார், தரகர்கிட்ட மண்டி, மண்டிகிட்ட கம்பெனி. ஈரம்னு கொஞ்சம் கழிவு, தூசின்னு கொஞ்சம் கழிவு. விலை கம்மியானா அந்தம்மா என்ன செய்யும்? அதே காசுக்கு ரெண்டு மடங்கு பறிக்கணும். இலையைக் கிள்ளுற கை கொடியவே வேரோட இழுக்கும். அடுத்த வருசம் கொடி இருக்காது. நியாய விலைங்கிறதும் இயற்கையைக் காப்பாத்துறதும் வேற வேற இல்லைங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

இது நான் கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல. 2000-லயே நம்ம மதுரையில 'கிராம மூலிகை கம்பெனி லிமிடெட்'னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. மூலிகை பறிக்கிறவங்களோட சங்கங்களே அதுல பங்குதாரர்கள். உற்பத்தியாளர் கம்பெனிக்குன்னு தனிச்சட்டம் வந்ததே 2002 திருத்தத்துக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடியே நம்மூர் கிராமத்துச் சனம் கம்பெனி முதலாளி ஆயிருச்சு! எதைப் பறிக்கணும், எவ்வளவு விட்டு வைக்கணும்னு பயிற்சி கொடுத்து, பெரிய ஆயுர்வேதக் கம்பெனிகளுக்கு நேரடியா சரக்கு அனுப்புனாங்க. இதைப் பத்தி நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்ப சட்டத்தைப் பாருங்க. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி இந்தியக் கம்பெனிகளும் பலனை ஊர்ச் சனத்தோட பகிர்ந்துக்கணும்னு 2018 டிசம்பர்ல உத்தராகண்ட் உயர்நீதிமன்றம், திவ்யா ஃபார்மசி வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு. 2023-ல சட்டத்தையே திருத்திட்டாங்க. ஏட்டுல எழுதி வச்ச பாரம்பரிய அறிவுக்கும், வளர்த்த மூலிகைக்கும் விலக்கு. வளர்த்த மூலிகைக்கு விலக்கு கொடுத்தா விவசாயி பயிரிடுவான், காட்டுக்கும் பாரம் குறையும்னு சொல்றாங்க. அதுல ஞாயம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஏட்டுல இருக்குங்கிறதுக்காக விலக்கு எதுக்கு? ஏட்டுல ஏறுறதுக்கு முன்னாடி அந்த அறிவு யார் வாயில இருந்துச்சு?

கேக்க வேண்டியது மூணே மூணுதான்.

ஒண்ணு: ஒவ்வொரு ஊராட்சியிலயும் சட்டப்படி இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவுல மூலிகை பறிக்கிற பொம்பளைங்க உக்காரணும். பேப்பர்ல மட்டும் குழு இருந்தா யாருக்குப் பிரயோசனம்?

ரெண்டு: காய வைக்க ஒரு களம், அடுக்கி வைக்க ஒரு அறை. ஊராட்சிக்கு இது பெரிய செலவா?

மூணு: அரசு சித்த மருந்து தயாரிக்கிற டாம்ப்கால், வாங்குற மூலிகையில ஒரு பங்கை இந்தச் சங்கங்களுக்குன்னே ஒதுக்கணும். காசை உடனே கொடுக்கணும். அன்னாடம் அடுப்பெரியணும்ல?

சுரங்கத்துக்கு மலை செத்தாத்தான் லாபம். இந்தத் தொழிலுக்கு மலை உசுரோட இருந்தாத்தான் லாபம். ரெண்டுல எது வளர்ச்சி? நண்பரே, இப்ப நீங்க சொல்லுங்க.

டிஸ்கி: 'இதெல்லாம் நடக்கிற காரியமா'ன்னு கேக்கப் போறவங்களுக்கு: ஏலம் ரத்தாகும்னு யாருங்க நெனச்சா? :-)