விண்மீனுக்குச் செல்லும் தூது

விண்மீன் நாடுகளுக்கிடையே நிகழும் அரசியற் சூழ்ச்சியை நாவலாக எழுதுகின்றேன் என்று ஓர் இளைஞன் கூறுவானாயின், நம் இலக்கிய வட்டங்களில் இரண்டு மறுப்புகள் எழக் காண்கிறோம். 'அது மேனாட்டுச் சரக்கு' என்பது ஒன்று. 'அஃது இலக்கியமாகாது' என்பது மற்றொன்று. மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் என் மாணவன் ஒருவன் அத்தகைய நாவலொன்றை எழுதி வருகின்றான். இம்மறுப்புகளைக் கேட்டு அவன் தன் ஏட்டை மூடிவிடுதல் தமிழுக்கு நட்டமாகும் என்பதே என் கருத்து.

மேனாட்டுச் சரக்கு என்போர் நம் நாட்டையே மறந்தனர். ஆதர் சி. கிளார்க் 1956-இல் இலங்கையிற் குடியேறி, 2008-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1979-இல் வெளிவந்த அவரது நாவலொன்று, 'தப்ரபேன்' என்னும் இலங்கையின் பழம்பெயர் தாங்கிய தீவில் நிகழ்கின்றது. மண்ணிலிருந்து விண்ணுக்கு ஏறும் தூக்கியை நிறுவ முயலும் பொறியியலாளனுக்கும், அதற்குரிய மலையுச்சியில் வாழும் துறவிகளுக்கும் மூளும் வழக்கே அதன் பொருள். அத்தூக்கி பூமத்திய ரேகையில் நிற்றல் வேண்டும் என்பதற்காக, ஆசிரியர் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார்! தமிழகத்துச் சுஜாதாவோ, 'என் இனிய இயந்திரா'வில், மக்களை ஆளும் தலைவன் வெறும் ஒளியுருவமே என்று காட்டி, வருங்கால ஆட்சியொன்றின் வஞ்சனையைத் தமிழிலேயே எழுதினார்.

இனி, மட்டக்களப்புக்கு இது புதிதோ எனின், அன்று. 1892-இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். தமிழும் விஞ்ஞானமும் ஒரு நெஞ்சில் உறைய முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இலக்கியமாகாது என்போர்க்கு விடை, கதையின் உள்ளேயே உளது. சூரியனுக்கு மிக அணித்தான விண்மீனாகிய பிராக்சிமா சென்டாரியும் 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளியினும் விரைந்து செல்லும் செய்தி இல்லை. ஆகவே அங்குள்ள தூதன் தன் வேந்தனை ஒன்று வினவி விடைபெற எட்டாண்டுக்கு மேலாகும். அதற்குள் வேந்தன் மாண்டிருக்கலாம், ஆட்சியே மாறியிருக்கலாம். தூதன் யாது செய்வான்?

திருக்குறளின் 'தூது' அதிகாரத்தை இவ்விடத்தில் நினைக. தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகையாக்கி, முன்னவனை அமைச்சனோடு ஒப்பவைக்கின்றார் பரிமேலழகர். விண்மீன் நாட்டுக்குக் கூறியது கூறுவானால் பயனில்லை. வகுத்துக் கூறுவானையே விடுத்தல் வேண்டும். அவனுக்கோ வேந்தனின் அதிகாரம் முழுவதையும் ஒப்படைக்க நேரும். அவன் நேர்மையில் நாடு முழுவதும் தொங்குகின்றது. சூழ்ச்சி பிறக்கும் இடம் இதுவன்றோ? 'சூழ்ச்சி' என்னும் சொல்லும் வள்ளுவரிடத்தில் ஆராய்ந்தெண்ணுதலையே குறித்தது. வஞ்சனை என்பது பின்னர் மிகுந்த பொருள். ஆராய்ச்சி எவ்விடத்தில் வஞ்சனையாகத் திரிகின்றது என்று காட்டுபவன் இலக்கியமே படைக்கின்றான்.

இவ்வாவியை அறிந்தோர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? எழுவான்கரை, படுவான்கரை என்பன ஒரே நீரின் இரு புறங்கள். 2009-இல் முடிவுற்ற போரின்போது அவை நெடுங்காலம் வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தன. தோணியிற் சிறுபொழுதிற் கடக்கும் நீர், விண்வெளியினும் அகன்று கிடந்தது. அக்கரைச் சொல்லை இக்கரைக்குக் கொணர்ந்தவனை இரு கரையாரும் ஐயுற்றனர். தொலைவிலிருந்து ஆள்வோரின் ஆணையால் எளியோர்க்கு நேர்வது யாது என்பதை அறிய, நம் இளைஞன் வேற்றுக் கோளுக்குச் செல்ல வேண்டுவதில்லை.

அவனுக்கு நான் கூறுவன இரண்டே. விஞ்ஞான விதியை அலங்காரமாக்காதே. கதையின் முடிச்சு அதிலிருந்தே விழுதல் வேண்டும். உன் விண்மீன் அமைச்சர்கள் மொழிபெயர்ப்புத் தமிழ் பேசலாகாது. நம் அவையிற் பேசும் தமிழே பேசட்டும். ஆசிரியர்களாகிய நாமோ, அந்த ஏட்டைப் படித்துப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுவோமாக.