அறிகுறி இல்லாதவரும் முகக்கவசம் அணிய வேண்டுமா?

“எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சளியும் இல்லை. பிறகு எதற்காக முகக்கவசம் அணியச் சொல்கிறீர்கள்?” என்று நோயாளிகளைப் பார்க்க வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். இது நியாயமான கேள்வி. பெருந்தொற்றுக் காலம் முடிந்துவிட்டது. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனமும் கொரோனாவுக்கான சர்வதேச நெருக்கடி நிலையை விலக்கிக்கொண்டது. ஆயினும், எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகள் தங்கியிருக்கும் பிரிவுகளில், உடல்நலத்துடன் இருப்பதாக உணர்பவர்களும் முகக்கவசம் அணிந்தே வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதே வேளையில், பரிசோதனையில் தொற்று தெரிந்த ஒருவரைத் தேவையின்றி வாரக்கணக்கில் விலக்கி வைப்பதும் தவறு என்று கருதுகிறோம். இவ்விரண்டு கருத்துகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். உண்மையில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கொரோனா வைரஸ் தொற்றியும் அறிகுறி இல்லாமல் இருப்பவர்கள் இரு வகையினர். கடைசி வரை எந்தத் தொல்லையும் தோன்றாமலேயே குணமடைபவர்கள் ஒரு வகை. இன்று நலமாக இருந்து, இரண்டு மூன்று நாள்களில் காய்ச்சலோ தொண்டைவலியோ காணப்போகிறவர்கள் மற்றொரு வகை. பரிசோதனை செய்யும் நாளில் இவ்விருவரையும் பிரித்தறிய முடியாது. 2020 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 76 பேரைப் பரிசோதித்தபோது 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களுள் 27 பேருக்கு அன்று எவ்வித அறிகுறியும் இல்லை. அடுத்த சில நாள்களில் அந்த 27 பேரில் 24 பேருக்கு அறிகுறிகள் தோன்றின. அறிகுறி தோன்றுவதற்கு முன்னரே பலருடைய மாதிரிகளிலிருந்து உயிருள்ள வைரஸை ஆய்வகத்தில் வளர்க்கவும் முடிந்தது. ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று ஒருவர் நேர்மையாகச் சொல்லும் நாளிலேயே அவர் பிறருக்குத் தொற்றை அளிக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

அறிகுறியற்ற தொற்று அரிதான ஒன்றும் அன்று. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,700-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 700-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பரிசோதனையின்போது அறிகுறி இல்லை. அதே காலத்தில் இத்தாலியின் வோ என்னும் சிற்றூரில் மக்களுள் பெரும்பாலோரை இருமுறை பரிசோதித்தனர். தொற்று கண்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் அறிகுறி அற்றவர்களே.

இத்தகையோரின் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் எவ்வளவு இருக்கிறது? தென்கொரியாவின் சோனான் நகரில் 2020 மார்ச் மாதத்தில் சிகிச்சை மையம் ஒன்றில் தனிமைப்படுத்தப்பட்ட 303 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 110 பேர் அறிகுறியின்றி வந்தவர்கள்; அந்த 110 பேரில் 21 பேருக்குப் பின்னர் அறிகுறிகள் தோன்றின. எஞ்சியோருக்கு இறுதி வரை ஒன்றும் இல்லை. ஆர்.டி. பி.சி.ஆர். பரிசோதனை அறிக்கையில் ‘சி.டி. மதிப்பு’ என்று குறிப்பிடப்படும் எண் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, மாதிரியில் வைரஸின் மரபுப்பொருள் அவ்வளவு மிகுதி என்று பொருள். அறிகுறி உள்ளவர்கள், அற்றவர்கள் ஆகிய இரு பிரிவினரிடமும் இந்த எண் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வோ நகர ஆய்விலும் இவ்விரு பிரிவினரிடையே வைரஸின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பின்னர் பிரிட்டனில் இளம் தன்னார்வலர்களுக்குக் கண்காணிப்புடன் தொற்றை உண்டாக்கி மேற்கொள்ளப்பட்ட ஆய்விலும், அறிகுறியின் கடுமைக்கும் வைரஸின் அளவுக்கும் தொடர்பு தென்படவில்லை.

எனினும், வைரஸ் இருப்பதும் தொற்றைப் பரப்புவதும் ஒன்றல்ல. இருமலும் தும்மலும் இல்லாதவர் வெளியேற்றும் நீர்த்துளிகள் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கையில், கடைசி வரை அறிகுறியே தோன்றாதவர்கள் பிறருக்குத் தொற்றை அளிக்கும் வாய்ப்பு, அறிகுறி உள்ளவர்களைவிடக் குறைவாகவே தெரிகிறது. ஆனால் குறைவு என்பது இல்லை என்று ஆகாது. பேசும்போதும் மூச்சு விடும்போதும் நுண்துளிகள் வெளிவரத்தான் செய்கின்றன. காய்ச்சல் கண்டவர் படுத்துவிடுவார். நலமாக உணர்பவரோ பேருந்தில் வருவார், வார்டுக்குள் நுழைவார், கட்டிலருகே அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, தோன்றிய முதல் சில நாள்கள் வரையிலான காலத்திலேயே தொற்று மிகுதியாகப் பரவுகிறது என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கட்டிலில் இருப்பவர் யார் என்பதே எங்கள் கவலை. கீமோதெரபி பெற்று வெள்ளணுக்கள் குறைந்துபோனவர், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்பவர், வாரத்தில் பலமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர், நுரையீரல் நோயால் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் முதியவர் போன்றோரே அங்கு இருக்கின்றனர். தடுப்பூசியாலும் முன்னர் வந்த தொற்றாலும் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு இவர்களுக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. நமக்கு இரண்டு நாள் தொண்டைக் கரகரப்பாகக் கடந்துபோகும் ஒன்று, இவர்களுக்கு நிமோனியாவாக முடியக்கூடும். நடந்துகொண்டிருக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிவைக்கவும் நேரலாம்.

“அப்படியானால் வருகிற அனைவரையும் வாயிலிலேயே பரிசோதித்துவிடலாமே?” என்று சிலர் கேட்கின்றனர். விரைவுப் பரிசோதனை தொற்றின் தொடக்க நாள்களில் பலரைத் தவறவிடும். இன்று ‘இல்லை’ என்று வரும் முடிவு, நாளைக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது. உடல்வெப்பத்தை அளந்து பார்ப்பதோ அறிகுறி அற்றவர் விஷயத்தில் சிறிதும் உதவாது. யாரிடம் தொற்று இருக்கிறது என்று தெரியாத நிலையில், எவரையும் சந்தேகிக்காமல் எல்லாரும் ஒன்றுபோலக் கடைப்பிடிக்கக்கூடிய எளிய வழி முகக்கவசமே. அதை அணியச் சொல்வதால் ‘நீங்கள் நோயாளி’ என்று நாங்கள் கூறுவதாகக் கருத வேண்டாம்.

இனி இரண்டாவது கருத்துக்கு வருவோம். சோனான் நகரில், அறிகுறி அற்றவர்களுக்கே பரிசோதனை முடிவு ‘இல்லை’ என்று மாறுவதற்குப் பாதிப்பேருக்கு 17 நாள்களுக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் அவர்கள் நோயைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆர்.டி. பி.சி.ஆர். பரிசோதனை வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறிகிறதே தவிர, அந்த வைரஸ் உயிர்ப்புடன் இருக்கிறதா என்று சொல்வதில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடக்கக் கால நோயாளிகள் ஒன்பது பேரிடம் மேற்கொண்ட ஆய்வில், நோயின் எட்டாம் நாளுக்குப் பின் மரபுப்பொருள் இன்னும் மிகுதியாக இருந்தபோதும் உயிருள்ள வைரஸை வளர்க்க முடியவில்லை. இத்தகைய சான்றுகள் வெளிவந்த காலத்திலேயே, 2020 மே மாதத்தில், லேசான தொற்று உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்ப மறுபரிசோதனை தேவையில்லை என்று இந்திய அரசு விதியை மாற்றியது. அறிகுறி அற்றவருக்குப் பரிசோதனை நாளிலிருந்து பத்து நாள் போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே மாதத்தில் அறிவித்தது.

இருந்தும், “முடிவு ‘இல்லை’ என்று வந்த பிறகுதான் அம்மாவை வீட்டுக்கு அழைத்துச் செல்வோம்” என்று கூறும் குடும்பங்களை நாங்கள் பார்க்கிறோம். முதியவர் ஒருவர் தேவையின்றித் தனியறையில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய நடையையும் உணவையும் மனவலிமையையும் குறைக்கிறது. மறுபரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவரின் சொல்லைக் கேளுங்கள். எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களிடம் மட்டும் உயிருள்ள வைரஸ் நெடுநாள் நீடிக்கக்கூடும். அவர்களுக்கு எத்தனை நாள் என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே முடிவு செய்வார்.

குடும்பங்களிடம் நாங்கள் வேண்டுவது சிலவே. பார்க்க வரும்போது மூக்கையும் வாயையும் முழுமையாக மூடும் முகக்கவசம் அணியுங்கள். பேசுவதற்காக அதைக் கீழே இறக்காதீர்கள். ஒரே நேரத்தில் பலர் சூழ்ந்து நிற்க வேண்டாம். உள்ளே வருமுன் கைகளைக் கழுவுங்கள். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் இருந்தால், நீங்கள் நலமாக இருந்தாலும் சில நாள் தொலைபேசியில் பேசுங்கள். செவிலியர் நினைவூட்டினால் மனம் நோகாதீர்கள்.

இறுதியாக ஒன்று. நோயாளிக்குத் தொற்று வந்துவிட்டால், “யார் கொண்டுவந்தது?” என்ற கேள்வி குடும்பத்தில் எழுகிறது. பெரும்பாலும் அதற்கு விடை கிடைப்பதில்லை. ஆனால் பாசத்தோடு பார்க்க வந்த ஒருவர் காலம் முழுவதும் குற்றவுணர்வைச் சுமக்க நேர்கிறது. தன்னுள் தொற்று இருப்பதை அறியாதவரிடம் குற்றம் காண்பது முறையன்று. அந்தக் கேள்வி எழாதிருக்க, எல்லாரும் முன்னதாகவே முகக்கவசம் அணிந்து வருவது நல்லது.