கேள்வியையும் சோதித்துப் பாருங்கள்!

தேர்தல் காலத்தில் வீடு தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை நாம் நன்றாக அறிவோம். கையில் தாளுடன் கருத்துக் கேட்டு வருகிறவர்களைப் பற்றியும் தொழிலாளர் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

தில்லியிலுள்ள சி.எஸ்.டி.எஸ். என்ற ஆய்வு மையம் 1967 பொதுத் தேர்தலின்போதே இத்தகைய ஆய்வை நடத்தியது. 1996 முதல் எல்லா மக்களவைத் தேர்தல்களிலும் நடத்தி வந்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்து, வீடு தேடிப் போய், அந்தந்த மாநில மொழியில் கேட்கிறார்கள். யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டில் குறியிட்டுப் பெட்டியில் போட்டால் போதும். மேஸ்திரி பக்கத்தில் நின்றாலும் பயமில்லை. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் மற்ற கேள்விகள்? "உங்கள் ஊரில் சாலையும் குடிநீரும் மேம்பட்டிருக்கிறதா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். தெலுங்கிலும் ஊரு, தமிழிலும் ஊர். திருப்பதியில் கட்டட வேலை செய்யும் திருவண்ணாமலைக்காரருக்கு எது ஊர்? பிறந்த ஊரா, பிழைக்க வந்த ஊரா? சாலை வந்து, தண்ணீர் வராவிட்டால் என்ன பதில் சொல்வார்? "அரசு உதவியதா?" என்றால் எந்த அரசு? சென்னையா, அமராவதியா, தில்லியா? பதில் எழுதப்பட்டுவிடும். ஆனால் கேட்டது ஒன்று, பதில் வேறொன்று!

இதைத் தடுக்க வழி உண்டு. கேள்வித்தாளை அச்சிடுமுன் சிலரிடம் கேட்டுப் பார்த்து, "இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று விசாரிக்க வேண்டும். தமிழில் பெயர்த்ததை இன்னொருவர் மறுபடி தெலுங்கில் பெயர்த்துச் சரிபார்க்க வேண்டும். இந்தச் சோதனை நகரி, புத்தூர் விசைத்தறித் தெருக்களிலும், திருப்பதிக் கூலித் தொழிலாளர் குடியிருப்புகளிலும் தமிழிலேயே நடக்க வேண்டும். நமக்குத் தெலுங்கு தெரியும் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். கடைத்தெருத் தெலுங்கு வேறு, அச்சுத் தெலுங்கு வேறு.

பட்டியலில் இல்லாதவரை ஆய்வும் தேடி வராது. 1936-ல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, லாண்டன் வெல்வார் என்றது. முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசியும் மோட்டார் காரும் வைத்திருந்தவர்களுடையவை. பதில் அனுப்பியவர்களோ அவர்களிலும் ஒரு பகுதியினரே. வென்றவர் ரூஸ்வெல்ட்! ஏழையைக் கேட்காத கணக்கு கவிழ்ந்தது.

கட்சிகளும் பத்திரிகைகளும் இந்த ஆய்வுகளைப் படித்துத்தான் மக்கள் மனம் இன்னது என்று பேசுகின்றன. அதில் நம் குரல் திரிந்து ஒலிக்கலாமா? ஆய்வாளர்களே, எங்கள் தெருவில் சோதித்துவிட்டு வாருங்கள் என்று கேட்கிறோம்.

நம் கடமையும் உண்டு. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்; சொந்த வீடு தேவையில்லை. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். மனைவியின் பெயர் குலுக்கலில் வந்தால் அவரே பதில் சொல்லட்டும். கணவர் குறுக்கிட வேண்டாம்!